அவருக்குத் தெரியாத இடப்பக்கம்

அன்றைக்கு அந்த அறையில் இருந்தவர்கள் நாலே பேர்: நான், என் கணவர், அவருடைய அக்கா, பயிற்சி கொடுக்கும் பெண். இரண்டாயிரத்து எட்டோ ஒன்பதோ, மழைக்காலம். காஞ்சிபுரத்தில் ஒரு ஆஸ்பத்திரியின் மாடி அறை.

அதற்குச் சில மாதம் முன்னால், வாலாஜாபாத் போய்விட்டு மொபெட்டில் திரும்பும்போது லாரி இடித்து என் கணவருக்குத் தலையில் பலத்த அடி. மூளையின் வலப்பக்கம் ஆபரேஷன் ஆனது. பிழைத்து வீடு வந்தார். பேச்சும் மெல்ல வந்தது. ஆனால் என்னோடு மட்டும் பேசவில்லை. அக்கா ஊட்டினால் சாப்பிடுவார், கேட்டதற்குப் பதில் சொல்வார். நான் கூப்பிட்டால் அசையமாட்டார்.

"கூடப் பொறந்தவ கொரலுதாம்மா அவனுக்குக் கேக்குது" என்பார் நாத்தனார். விளையாட்டாகத்தான் சொல்வார். எனக்குத்தான் அது நெஞ்சில் நிற்கும். அடிபட்டதில் என்னை மறந்துவிட்டாரா, மறக்காமலே வெறுத்துவிட்டாரா? ஏழாவதோடு படிப்பை விட்டவள் நான். டாக்டரிடம் இதை எப்படிக் கேட்பது?

கம்ப்யூட்டரில் ஒரு பொய் உலகத்தைக் காட்டி மூளையைப் பழக்கும் மெஷின் வந்திருக்கிறது என்று அழைத்திருந்தார்கள். மண்டையில் கரண்ட் வைப்பார்களோ என்று பயந்துகொண்டே போனேன். அப்படியொன்றும் இல்லை. எதிரே பெரிய திரை, அதன்மேல் ஒரு கேமரா. நாற்காலியில் இருக்கும் இவர், திரையில் ஒரு தோட்டத்துக்குள் உட்கார்ந்திருந்தார். இரண்டு பக்கமும் கலர் பந்துகள் பறந்து வரும். கையை நீட்டினால் பந்து உடையும்.

வலப்பக்கம் வந்ததைத் தட்டினார். இடப்பக்கம் வந்தது எல்லாம் கீழே விழுந்தது.

நாங்கள் பிள்ளையார்பாளையத்தில் பட்டு நெய்கிறவர்கள். கரையைத் தனி நிறத்தில் கோத்து நெய்யும் கோர்வைப் புடவைக்குத் தறியில் இரண்டு பேர் வேண்டும். வலப்பக்கக் கரையை அவர் பார்ப்பார். இடப்பக்கக் கரைக்கு நூல் வைத்த நாடாவைப் போட்டு ஓட்டுவது கல்யாணம் ஆனதிலிருந்து என் வேலை. வீட்டிலும் அவருக்கு இடப்பக்கமாகவே உட்கார்ந்து பழக்கம். அந்தப் பந்துகளை எனக்கென்றே விட்டுவைக்கிறார் என்று நினைத்துவிட்டேன். எழுந்து போய் ஒன்றைத் தட்டினேன். திரையில் அவர் பக்கத்தில் நானும் தெரிந்தேன். எத்தனையோ நாளைக்குப் பிறகு இருவரும் சேர்ந்து வேலை செய்கிற மாதிரி இருந்தது.

அந்தப் பெண் மெஷினை நிறுத்தினாள்.

"அக்கா, நீங்க தட்டிட்டா அந்தப் பக்கம் ஒண்ணு இருக்குதுன்னே அவருக்குத் தெரியாது. கண்ணு, காது ரெண்டும் நல்லாத்தான் இருக்குது. மூளைதான் இடப்பக்கத்த விட்டுடுது."

"அப்ப நான்?"

"நீங்க அந்தப் பக்கம் இருந்தா, நீங்களும்தான்க்கா."

நாத்தனார் வலப்பக்கத்து நாற்காலியிலிருந்து எழுந்தார். "தெரியாம வாய்க்கு வந்தத பேசிக்கினு இருந்துட்டேன். நீ இப்டி வந்து குந்தும்மா."

"வேணாம்மா, அவங்க அங்கயே இருக்கட்டும். அவர்தான் திரும்பணும்" என்றாள் அந்தப் பெண்.

அதன்பின் ஒவ்வொரு முறையும் திரைக்கு வெளியே, அவருடைய இடப்பக்கத்தில், கையை மடியில் கட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். பந்து விழும். அவர் திரும்பமாட்டார். ஆளிருந்தும் இல்லாதவளாக இருப்பது எப்படியிருக்கும் என்று அங்கேதான் தெரிந்தது. கடைசிவரை திரும்பாமலே போய்விட்டால் என்ற பயம் வேறு.

பொங்கல் நெருங்கிய ஒரு நாள், இடப்பக்கம் வந்த பந்தைத் தேடி மெதுவாகக் கழுத்தைத் திருப்பினார். பந்து போய்விட்டது. கழுத்து நிற்கவில்லை. என்மேல் வந்து நின்றது.

"இன்னா, சும்மா குந்திக்கினு இருக்கிற?"

மடியில் கட்டியிருந்த கையைப் பிரித்தேன். "கேக்குறான் இல்ல, சொல்லேன்" என்று நாத்தனார் என் முதுகில் தட்டினார். அதற்குள் அவர் முகம் திரைக்குத் திரும்பிவிட்டது. அடுத்து இடப்பக்கம் வந்த பந்தைக் கோட்டை விட்டார்.

இன்றும் சில நாள் அவருக்கு இடப்பக்கம் இல்லாமல் போகும். யாராவது என்னோடு பேசாமல் தாண்டிப் போனால், வெறுத்துவிட்டார்கள் என்று முடிவுகட்டும் முன், அவர்கள் கண்ணில் நான் பட்டேனா என்று ஒரு தடவை கேட்டுக்கொள்கிறேன். கேட்டுக்கொண்டாலும் பயம் முழுசாகப் போவதில்லை.