சத்தமில்லாத பூஜ்யம்

உள்ளறையிலிருந்து டம்ளரில் கரண்டி தட்டும் ஓசை இரண்டு முறை கேட்டது. ஒரு தட்டு என்றால் தண்ணீர். இரண்டு என்றால் புரட்டிப் படுக்க வைக்க வேண்டும். மூன்று என்றால் சண்டை போட ஆள் வேண்டும்.

"ஒரு நிமிஷம் தம்பி" என்று வந்தவரிடம் சொல்லிவிட்டு அவள் எழுந்து போனாள்.

லாரி ஓட்டிய அவள் கணவர் பக்கவாதத்தில் கட்டிலோடு கட்டிலாகி நாலு வருடம் ஆகிறது. வலப்பக்கம் வராது, குரலும் சுவரைத் தாண்டாது. ஆனால் குறும்பு மட்டும் குறையவில்லை.

"வந்திருக்கறது பூட்டுதானே? சாவி எங்கேன்னு கேளு."

"பேசாமப் படுங்க."

"பேசாம இருந்தாத்தான் நீ பயப்படுவியே."

அவள் அவரைப் புரட்டிப் படுக்க வைத்து, தலையணையைத் தட்டிச் சரிசெய்தாள்.

பூட்டு என்பது வந்தவரின் பட்டப்பெயர். அவளும் இவருமாக முப்பது பேர் சம்பளம் வாங்காமல், அவரவர் வீட்டிலிருந்தே, ஒரு கம்ப்யூட்டர் மொழியைச் செப்பனிட்டு வந்தார்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை புதுப் பதிப்பு. வெளியிடும் நாளில் இவர் பூட்டிவிட்டால் அதற்குப் பிறகு ஒரு காற்புள்ளிகூட உள்ளே நுழையாது. இன்று ஆறு மணிக்குப் பூட்டு. இப்போது மணி நாலு.

"சுத்தி வளைக்கல அக்கா. உங்க மாத்தத்தை இந்தப் பதிப்புலேர்ந்து எடுத்துடலாம்" என்றார் அவர், அவள் வந்து உட்கார்ந்ததும்.

அந்த மாற்றத்தின் கதை பதினோரு வருடப் பழசு. காப்பீட்டு ஆபீசில் புரோகிராம் எழுதிக்கொண்டிருந்த காலத்தில், எழுத்தில் இருப்பதை எண்ணாக மாற்றும் ஒரு சின்னப் புரோகிராம் துண்டை அவள் இந்த மொழிக்கு எழுதிக் கொடுத்தாள். எண்ணே இல்லாத ஒன்றைக் கொடுத்தால் என்ன செய்வது? பூஜ்யம் என்று எடுத்துக்கொள், சத்தம் போடாதே என்று எழுதினாள். எவ்வளவு சுலபம் என்று எல்லோரும் மெச்சினார்கள். மொழியோடு கூடவே வரும் தொகுப்பில் அது இடம்பிடித்து, உலகமெங்கும் போய்ச் சேர்ந்தது.

இப்போது அவளே அந்தப் பூஜ்யத்தைப் பிடுங்கி எறிய வந்திருந்தாள். எண் இல்லாவிட்டால் என்ன செய்வது என்று இனிப் புரோகிராம் எழுதுபவரே சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால், புரோகிராமை எந்திரத்துக்குப் புரியும்படி மாற்றித் தரும் கம்பைலர் மாற்ற மாட்டேன் என்று நின்றுவிடும்.

"ஊரார் எழுதின புரோகிராமையெல்லாம் புதுக் கம்பைலர்ல போட்டுப் பாத்தோம். முந்நூத்தி நாப்பது நின்னுபோச்சு. ஓடிட்டிருந்த வண்டிய நிறுத்தினா சும்மா விடுவாங்களா?"

"ஓடிட்டிருந்துச்சு, சரி. எங்கே போயிட்டிருந்துச்சுன்னு பாத்தீங்களா?"

அவர் தாடையைச் சொறிந்தார். "இப்பப் போலவே எச்சரிக்கை மட்டும் காட்டுவோமே."

"ஒரு வருஷமாக் காட்டறோம். யார் படிச்சா?"

அவள் ஒரு நோட்டை அவர்முன் நகர்த்தினாள். முந்நூற்று நாற்பது வரிகள். வரிக்கொரு புரோகிராம். சொந்தக்காரர்களுக்குக் கடிதம் எழுதி, திருத்தத்தையும் தானே செய்து அனுப்பியிருந்தாள். வரிசையாக டிக் குறிகள்.

"இத்தனையும் நீங்க ஒருத்தரா? எதுக்கு அக்கா இவ்வளவு பிடிவாதம்?"

அவள் உள்ளறைப் பக்கம் ஒருமுறை பார்த்தாள். குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி ஒருநாள் கரண்டிச் சத்தமே வரல. ஒண்ணும் வேண்டாம் போலன்னு நான் பாட்டுக்கு வேலை பாத்துட்டிருந்தேன். ரெண்டு மணி நேரம். போய்ப் பாத்தா, கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவுல விழுந்து கெடக்கறார். கரண்டி கைக்கு எட்டல. கண்ணு மட்டும் என்னையே பாக்குது. சத்தம் இல்லேன்னதும் பூஜ்யம்னு எடுத்துக்கிட்டேன் தம்பி. அதையேதான் உலகத்துக்கும் எழுதிக் குடுத்திருக்கேன். நான் போட்டதை நான்தான் எடுக்கணும்."

அவள் அழவில்லை. அழ வேண்டியதையெல்லாம் அன்றைக்கே, அவரைத் தூக்கி மடியில் கிடத்திக்கொண்டு அழுது தீர்த்திருந்தாள்.

பூட்டு நோட்டைப் புரட்டினார். கடைசி வரியில் டிக் இல்லை.

"இது ஒண்ணு பாக்கியா?"

"அதை நான் தொடல. உங்களுது."

ஒன்பது வருடத்துக்கு முன் அவர் ஆசையாக எழுதிய மழைக்கணக்குப் புரோகிராம் அது. பதினாலு இடங்களின் மழை அளவைக் கூட்டிச் சராசரி போடும். அவர் லேப்டாப்பைத் திறந்தார். மழைமானி பழுதான நாளில் எண்ணுக்குப் பதில் ஒரு சின்னக் கோடு வந்திருந்தது. கோடு எண் இல்லை. ஆகவே பூஜ்யம். தேதிகளைப் பார்க்கப் பார்க்க அவர் முகம் வெளுத்தது.

"மானி எப்ப கெட்டுப்போகும்? கொட்டோ கொட்டுன்னு கொட்டும்போதுதான். பெருமழை பெஞ்ச நாளையெல்லாம் வறண்ட நாள்னு போட்டிருக்கேன் அக்கா." பிறகு, "எச்சரிக்கை எனக்கும்தான் வந்திருக்கும். நானே படிக்கல. ஏன் எனக்கு மட்டும் கடிதம் போடல?"

"மத்தவங்களுக்குக் கடிதம். பூட்டுக்கு நேர்லதான். எப்படியும் தடுக்க வருவீங்கன்னு தெரியும்."

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. குனிந்து திருத்த ஆரம்பித்தார். கோடு வந்தால் அந்த இடத்தின் அந்த நாளைச் சராசரியில் சேர்க்காதே என்று எழுதினார். முதல்முறை கம்பைலர் இன்னொரு வரியைச் சுட்டிக்காட்டி மறுத்தது. முணுமுணுத்துக்கொண்டே அதையும் சரிசெய்தார். மறுமுறை வாய் திறக்காமல் ஏற்றுக்கொண்டது. அவள் பேனாவை எடுத்துக் கடைசி டிக்கைப் போட்டாள்.

ஆறு மணிக்கு, அவளுடைய மேசைமுன் உட்கார்ந்தபடியே அவர் பூட்டினார்.

"உங்க மாத்தம் உள்ளேதான் இருக்கு. நாளையிலேர்ந்து திட்டு வரும், பாத்துக்குங்க."

"வரட்டும். சத்தம் வந்தாத்தானே போய்ப் பாக்க முடியும்."

உள்ளறையில் டம்ளர் மூன்று முறை ஒலித்தது. பூட்டு எழுந்து, பையை மாட்டிக்கொண்டு, அறைக்குள் தலையை நீட்டினார்.

"வரேண்ணே."

"சாவி எங்கேடா?"

"அக்காகிட்ட குடுத்துட்டேன்."

கட்டிலிலிருந்து கரகரத்த சிரிப்பு எழுந்தது. பூட்டு செருப்பை மாட்டிக்கொண்டு படியிறங்கினார். காலடி ஓசை தேயும்வரை நின்றவள், சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு, சண்டைக்குத் தயாராய்க் கதவைச் சாத்தினாள்.