சம்பந்திகள் சைக்கிள் பழகிய கதை

பல்செட் செய்வது அவர் தொழில். பல் மருத்துவர்கள் அனுப்பும் அச்சுகளை வைத்துக்கொண்டு, மாடி அறையில் முதுகில்லாத ஸ்டூலில் உட்கார்ந்து, மெழுகில் பல் பதித்து, ராவி, பளபளப்பாக்கி அனுப்புவார். காலையில் உட்கார்ந்தால் சாப்பாட்டுக்குத்தான் எழுவார். அறுபதை நெருங்கும் அந்த உடம்பில் உழைத்தவை கண்களும் விரல்களும் மட்டும்தான். மற்ற உறுப்புகள் எல்லாம் சும்மா கூடவே வந்தவை.

அப்படிப்பட்டவரை நான்கு நாள் சைக்கிள் பயணத்தில் மாட்டிவிட்டது அவருடைய மகள். ஆற்றை ஒட்டியே போகும் அந்த உல்லாசப் பயணத்துக்கு அவளும் அவள் கணவனும்தான் பதிவு செய்திருந்தார்கள். இடையில் அவள் உண்டாகிவிட்டாள். அவளை விட்டுவிட்டுக் கணவனும் போகமாட்டானாம், பதிவை ரத்து செய்ய முடியாதாம், வேறு ஆளை அனுப்பலாமாம்.

"அப்பா, நீயும் மாமாவும் போயிட்டு வாங்களேன்" என்றாள். மாமா என்றால் அவள் மாமனார். பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர்.

"நானா? எனக்குப் படியேறினாலே மூச்சு வாங்குது."

"மாமா அப்பவே சரின்னுட்டார்ப்பா."

சம்பந்தியே சரியென்ற பிறகு பெண்ணைப் பெற்றவர் பின்வாங்கினால் நன்றாகவா இருக்கும்? தலையாட்டிவிட்டார். அதே நேரத்தில் சம்பந்தி வீட்டில் மருமகன் தன் அப்பாவிடம், "மாமா அப்பவே சரின்னுட்டார்ப்பா" என்று சொல்லிக்கொண்டிருந்தது அவருக்கு எப்படித் தெரியும்?

ஞாயிற்றுக்கிழமை காலையில் முதல் பயிற்சி. டிரைவர் சம்பந்தி பஞ்சு வைத்த டிரவுசரும் தலைக்கவசமுமாக வந்து நின்றார்.

"நீங்க முன்னால போங்க சம்பந்தி."

"ஐயையோ, அதெப்படி? நீங்க போங்க."

யாரும் முன்னால் போகவில்லை. சாலையை அடைத்தபடி இருவரும் சேர்ந்தே போனார்கள். பின்னால் வந்த வண்டிகள் எல்லாம் ஹாரன் அடித்துத் திட்டின. பஸ் நிறுத்தம் வந்தால் டிரைவரின் கை தானாகப் பிரேக்கைப் பிடித்தது. நிறுத்தத்தில் காத்திருந்தவர்கள் குழப்பத்தோடு பார்த்தார்கள்.

களைத்துவிட்டது என்று மட்டும் இருவரும் வாயைத் திறக்கவில்லை. டிரைவர் ஓரிடத்தில் சட்டென்று காலை ஊன்றினார்.

"இந்தக் கட்டடம் எவ்வளவு லட்சணமா இருக்கு, பாருங்க! கொஞ்ச நேரம் நின்னு பார்ப்போமா?"

அது ஒரு சிமெண்டு குடோன்.

"ஆமா, ஆமா. பார்க்கவேண்டிய கட்டடம்தான்" என்று பல்செட்காரரும் நின்று, வாய் வழியாக மூச்சு வாங்கிக்கொண்டே நெடுநேரம் ரசித்தார்.

மறுநாள் ஸ்டூலில் உட்கார முடியவில்லை. தலையணையைப் போட்டுக்கொண்டார். அதைப் பார்த்த மனைவி, "தலைக்கு வெக்கிறத எங்க வெச்சிருக்கீங்க!" என்று பிடுங்கிக்கொண்டு போனாள்.

அன்றிலிருந்து ரகசியமாகப் பயிற்சி தொடங்கினார். வேலை மேசையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்து உட்கார்ந்து எழுந்தார். ஒவ்வொரு தடவையும் தட்டுகளில் இருந்த பற்கள் கடகடவென்று ஆடின. காரணமே இல்லாமல் மாடிப்படியில் ஏறி இறங்கினார்.

"எதையாவது மறந்துட்டீங்களா?" என்று கேட்டாள் மனைவி.

"ஆமா."

"என்னத்த?"

"அதையும் மறந்துட்டேன்."

பயணத்தில் அவரவர் மூட்டையை அவரவரே சுமக்கவேண்டும். பாரத்துக்குப் பழகுவதற்காக, அச்சு வார்க்கும் பிளாஸ்டர் பவுடர் பைகளைப் பின்கேரியரில் கட்டிக்கொண்டார். நான்காவது ஞாயிறு, தண்ணீர்த் தொட்டிக்குப் போகும் மேட்டுச் சாலையில் ஏறும்போது மழை பிடித்துக்கொண்டது. தண்ணீர் பட்டால் இறுகிக் கல்லாகிவிடும் பவுடர் அது. காகிதப் பை நைந்து, பவுடர் கூழாகி, பின்சக்கரத்தில் வழிந்தது.

"சம்பந்தி, உங்க சைக்கிள்ல பால் வடியுது!" என்று பின்னாலிருந்து குரல் வந்தது.

தன்னை நிறுத்தப் பார்க்கிறார் என்று நினைத்து, "பரவாயில்ல, வாங்க வாங்க" என்றார் இவர். பிரேக்குக்குள் பிளாஸ்டர் இறுகத் தொடங்கியது. சக்கரம் இறுக இறுக, தன் தொடையில்தான் தெம்பில்லை என்று எண்ணி இன்னும் மூச்சைப் பிடித்து மிதித்தார். மேட்டில் எழுந்து நின்று மிதிக்கும் சம்பந்தியைப் பார்த்து டிரைவரும் பல்லைக் கடித்துக்கொண்டு தொடர்ந்தார். கடைசியில் அவருக்கு உயிர் போகிற மாதிரி ஆகிவிட்டது.

"யோவ்! நிறுத்துய்யா!"

சைக்கிள் நின்றது. அது எப்படியும் நின்றிருக்கும். டிரைவர் தன் வாயைப் பொத்திக்கொண்டார்.

"மன்னிச்சுக்குங்க சம்பந்தி... வாய் தவறி..."

பல்செட்காரர் நனைந்த முகத்தோடு திரும்பினார். "இத்தனை நாளா இதைச் சொல்லாம என்னய்யா பண்ணிட்டிருந்தே?"

இருவரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். சாலையோரம் இருந்த சிறு பாலத்தின் கட்டையில் உட்கார்ந்து பேசியபோதுதான், யார் முதலில் சரியென்றது என்ற விஷயம் வெளியே வந்தது.

"முப்பது வருஷம் நான் பஸ்ஸ ஓட்டினேன். இப்ப இதுங்க ரெண்டும் சேர்ந்து என்னை ஓட்டியிருக்குதுங்க" என்றார் டிரைவர். "சரி, அப்ப போகவேணாம்னு சொல்லிடுவோமா?"

பல்செட்காரர் யோசித்தார். இப்போதெல்லாம் மாடி ஏறினால் மூச்சு வாங்குவதில்லை. ராத்திரி படுத்தால் அடித்துப் போட்ட மாதிரி தூக்கம் வருகிறது. அதை விட்டுவிட அவருக்கு மனசில்லை.

"போவோம்யா. ஆனா களைச்சா களைச்சதுன்னு சொல்லிடணும்."

அதன் பிறகுதான் பயிற்சி உருப்பட்டது. முட்டி வலிக்கிறது என்று வாய்விட்டுச் சொன்னதால்தான் சீட்டை உயர்த்தவேண்டும் என்று தெரிந்தது. பசிக்குமுன் வாழைப்பழம் தின்றார்கள். போதுமென்றால் திரும்பினார்கள். பல்செட்காரரின் மனைவி மட்டும் மகளுக்குப் பதற்றமாகப் போன் செய்தாள். "உங்க அப்பாவும் மாமாவும் வாய்யா போய்யான்னு பேசிக்கிறாங்கடி. சண்டையான்னு பார்த்தா, சிரிக்கவேற செய்றாங்க."

பயணத்தில் எல்லா நாளும் அவர்கள்தான் கடைசி. எதிர்காற்று அடித்தபோது அகலமான உடம்புக்காரரான டிரைவர் முன்னால் போக, அவர் மறைவில் இவர் ஒட்டிக்கொண்டு போனார். மூன்றாம் நாள்தான் ஒரு சோதனை. பல்செட்காரரின் வலது கை மரத்துப்போய், சுண்டுவிரலும் மோதிர விரலும் தன்னுடையவை போலவே இல்லை. அவர் முகம் வெளுத்துவிட்டது.

"இந்தக் கை போச்சுன்னா நான் என்னய்யா பண்ணுவேன்?"

டிரைவர் அவரை மரத்தடியில் உட்காரவைத்து, அந்தக் கையை வாங்கித் தன் மடியில் வைத்து, விரல் விரலாக நீவிவிட்டார். விரலில் ஊசி குத்துவது போல உணர்வு திரும்பியதும் இவருக்குக் கண் கலங்கிவிட்டது. துண்டைக் கிழித்துக் கைப்பிடியில் தடிமனாகச் சுற்றித் தந்தார் டிரைவர். அன்று தங்குமிடம் போய்ச் சேர இருட்டிவிட்டது.

கடைசி நாள் முடிவிடத்தை அடைந்தபோது வரவேற்பு வளைவைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். மகளும் மருமகனும் வேனோடு காத்திருந்தார்கள்.

"ரொம்பக் கஷ்டமா இருந்துச்சாப்பா?"

"வீட்டுக்குப் போய்ச் சொல்றேன். நீ நிக்காதம்மா, உள்ள உட்காரு."

மருமகன் சைக்கிள்களை ஏற்றிக் கட்டி முடிப்பதற்குள், பின்சீட்டில் சம்பந்திகள் இருவரும் தோளோடு தோள் சாய்ந்து தூங்கிப்போயிருந்தார்கள். மகள் ஓசைப்படாமல் கதவைச் சாத்தினாள்.