லத்திகளுக்கு நடுவே அண்ணாச்சி

ஏ.எஸ்.ராவ் நகரில் பேருந்துக்காக நின்றிருந்தபோது எஸ்தரின் அழைப்பு வந்தது. "அக்கா, அவுக போயிட்டாக." எஸ்தரின் கணவரும் எங்கள் மென்பொருள் அலுவலகத்தின் காவல் பிரிவுத் தலைவருமான பாக்கியநாதன், எனக்குப் பாக்கியம் அண்ணாச்சி, ஆஸ்பத்திரியில் கண் திறக்காமலே போய்விட்டார். துக்கத்தைவிட எனக்குக் கோபம்தான் அதிகம். அதை மறைத்து இந்த அஞ்சலியில் நாலு நல்ல வார்த்தை எழுத எனக்கு வராது.

அவரைத் தெரிந்த உங்களுக்கு அவருடைய ரோமாபுரிப் பைத்தியமும் தெரியும். புதிதாகச் சேரும் காவலர்களை வரிசையில் நிறுத்தி, பெர்டினாக்ஸ் மன்னனின் கதையைத் தன் திருநெல்வேலித் தெலுங்கில் சொல்வார். மூன்று மாதம்கூட ஆளாத மன்னன். அரண்மனையைக் காக்கவேண்டிய பிரிட்டோரியன் காவலர்களே வாளோடு வந்தார்கள். ஓடாமல் எதிரே நின்று பேசினான். பலர் தலைகுனிந்தார்கள், ஒருவன் பாய்ந்து குத்தினான். பிறகு மன்னனின் தலையை ஈட்டியில் செருகி ஊர்வலம் போனார்கள்.

"காவல்காரங்களுக்கே இந்தக் கதையா? நீங்களே யோசனை குடுப்பீங்க போலிருக்கே அண்ணாச்சி!" என்று கிண்டல் செய்வேன்.

"கையில லத்தி வச்சிருக்கவனுக்கு, அது என்னெல்லாம் செய்யும்னு தெரியணும்லா?" என்பார்.

இந்தக் கோடையில் வெளிநாட்டு வாடிக்கையாளர்கள் வந்தார்கள். அன்று வாசலில் காவலர் யாரும் உட்காரக் கூடாது என்பது மேலாளரின் உத்தரவு. காய்ச்சலோடு நின்ற மல்லேஷுக்கு ஒரு நாற்காலி போட அண்ணாச்சி கெஞ்சினார், மேலாளர் மறுத்தார். மத்தியானம் மல்லேஷ் வெயிலில் சுருண்டு விழுந்து செத்தான். உடனே காவலர்கள் கூட்டமாக வந்து முன்வாசல் கண்ணாடியை நொறுக்கினார்கள். மேலாளர் என் அறைக்கு ஓடிவந்து மேசைக்கடியில் புகுந்தார். அங்கிருந்த அண்ணாச்சி கீழே கிளம்பினார்.

"போகாதீங்க அண்ணாச்சி. அந்த ராஜா கதி ஆயிடும்," என்றேன்.

"ராஜாவுக்கு அவனுவ பேரு தெரியாதும்மா. எனக்கு இவனுவ பேரு அத்தனையும் தெரியும்லா," என்று வெறுங்கையோடு இறங்கினார்.

ஒவ்வொருவனையும் பேர் சொல்லிக் கூப்பிட்டார். லத்திகள் தாழ்ந்தன. "யாதகிரி" என்று மல்லேஷின் தம்பியை அழைத்தபோது அவன் ஓங்கி அடித்தான். நெற்றி பிளந்து, ரத்தம் கண்ணை மூடியது. அதைப் பார்த்த மற்றவர்கள் வெறி பிடித்து யாதகிரியைத் தரையில் தள்ளி நொறுக்கத் தொடங்கினார்கள். அண்ணாச்சி தவழ்ந்துபோய் அவன் மேல் கவிழ்ந்து படுத்தார். "நக்கோ மாரோ! நக்கோ!" என்று அவர்கள் பேச்சிலேயே, அடிக்க வேண்டாமெனக் கத்தினார். ஓங்கிய கைகள் நிற்கவில்லை. விலா எலும்பு முறியும் சத்தம் நான் நின்ற ஜன்னல்வரை கேட்டது. ஐயோ, அந்தச் சத்தம்!

இப்போது வழக்கில் இருப்பது யாதகிரி ஒருவன் பெயர்தான். தாங்களும் அடித்ததைப் பற்றி மற்றவர்கள் வாய் திறக்கவில்லை. யாதகிரியை நான் மன்னிக்கவில்லை. ஆனால் அண்ணாச்சி உயிரைக் கொடுத்துக் காப்பாற்றியவனை, எல்லோருடைய குற்றத்துக்கும் சேர்த்துப் பலிகொடுக்க விடமாட்டேன். அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது அந்தப் பிடிவாதம்தான்.

நான் சாட்சி சொல்லப்போவது தெரிந்து நேற்று மேலாளர் கூப்பிட்டு, "கோர்ட்ல யோசிச்சுப் பேசுங்கம்மா. வேலை முக்கியம் இல்லையா?" என்றார்.

"நீங்க மேசைக்கடியில இருந்தீங்க சார்," என்றேன். "நான் ஜன்னல்கிட்ட நின்னேன். எல்லாத்தையும் பார்த்தேன்."