எதிர்க்கடையின் படிகாரக் கல்

பிளேடைக் காகித உறையோடு சேர்த்து நீளவாக்கில் மடித்துக் கட்டைவிரல்கள் ஒரே அழுத்தாக அழுத்தின. பிளேடு இரண்டாக உடைந்தது. ஒரு பாதியைக் கத்தியின் வாயில் செருகி மூடிவிட்டு, மறுபாதியை அடுத்தவருக்காக உறைக்குள்ளேயே வைத்துவிட்டு, இடது கை கன்னத்துத் தோலை மேல்நோக்கி இழுத்துப் பிடித்தது. வலது கை நுரைக்குள் கத்தியை இறக்கியது. கைகள் ஒழுங்காகத்தான் இருந்தன. கண்கள்தான் ஒவ்வொரு இழுப்புக்கும் நடுவே ஒருமுறை எதிரே இருந்த கண்ணாடிக்குப் போய் வந்தன.

கண்ணாடியில் தெரிந்தது தெருவுக்கு அந்தப் பக்கம் இருந்த கடை. அங்கே பெஞ்சு நிறைய ஆட்கள். இடமில்லாமல் ஒருவர் வாசல்படியில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்.

"என்ன நிதானம், என் மூஞ்சி இந்தப் பக்கம் இருக்கு" என்றார் நாற்காலியில் இருந்த லாரி டிரைவர்.

"தெரியுது, தெரியுது. ஆடாம இருங்க."

நிதானம் என்பது தெரு வைத்த பெயர். அவருக்கு வேலை சொல்லிக்கொடுக்க யாரும் இருக்கவில்லை. இளம் வயதில் மற்ற கடைகளின் வாசலில் நின்று பார்த்து, வீட்டுக்கு வந்து ஊதிய பலூனில் நுரை தடவி மழித்துப் பழகினார். பலூன் வெடித்தால் அன்றைய பாடம் முடிந்தது. அந்தப் பயம் கையை விட்டுப் போகவே இல்லை. மற்றவர்கள் இரண்டு முகம் முடிக்கும் நேரத்தில் அவர் ஒன்று முடிப்பார். ஆனால் அவர் முடித்த முகத்தில் உள்ளங்கையை வைத்து எந்தத் திசையில் தடவினாலும் ஒரு சொரசொரப்பு இருக்காது.

எதிர்க்கடைக்காரருக்குத் தெரு வைத்த பெயர் மின்னல். நிதானத்தின் மனைவியுடைய தங்கையைக் கட்டியவர், அதாவது சகலை. வேறு ஊரில் கடை வைத்திருந்தவர், கல்யாணமானதும் இங்கே வந்து நேர் எதிரே இடம் பிடித்தார். "அண்ணே, பக்கத்துல இருந்தா ஒருத்தருக்கொருத்தர் ஒத்தாசை" என்றார். ஒத்தாசை எப்படி இருந்தது என்றால், நிதானத்தின் பெஞ்சில் இருந்த பாதிப்பேர் எழுந்து தெருவைக் கடந்தார்கள்.

அதைக்கூட நிதானம் பொறுத்துக்கொண்டார். வாடிக்கையாளர் காற்று மாதிரி, எந்தப் பக்கமும் அடிப்பார்கள். பொறுக்க முடியாமல் போனது மாமனார் விஷயம். மாமனார் பேருந்தில் டிக்கெட் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்றவர். ஊரே அவரைச் செக்கர் என்றுதான் கூப்பிடும். மூத்த மகளின் கல்யாணத்திலிருந்து நிதானத்தின் நாற்காலியில்தான் அவருக்குச் சவரம். சின்ன மாப்பிள்ளை வந்த பிறகு ஒரு நாள் அங்கே போனார். அப்புறம் அங்கேயே போனார்.

"உங்ககிட்ட உக்காந்தா தூங்கிடறேன் மாப்பிள்ளை. அங்கன்னா ஏதாவது பேசிச் சிரிக்க வைக்கிறாரு" என்று ஒரு விசேஷ நாளில் எல்லோர் முன்னாலும் சொன்னார். நிதானம் சிரித்தார். அன்றிரவு வீட்டில் தட்டை அப்படியே தள்ளி வைத்தார்.

இந்த நிலையில்தான் முதியோர் இல்லத்து வேலை வந்தது. தெருவின் கடைசியில் உள்ள அந்தப் பெரிய கட்டடத்தில் வாரம் ஒரு நாள் போய் எல்லோருக்கும் முடி வெட்டிச் சவரம் செய்ய ஒரு கடையைத் தேடினார்கள். காலியாகக் கிடக்கும் நாற்காலிக்கு அது போதும். ஊரில் ஒரு பெயரும் கிடைக்கும். நிதானம் அந்த வேலையை மனதால் ஏற்கெனவே செய்யத் தொடங்கியிருந்தார்.

இல்லத்தின் தலைமை நர்ஸ் சுற்றுவட்டாரக் கடைக்காரர்களை எல்லாம் சாப்பாட்டுக் கூடத்துக்குக் கூப்பிட்டு உட்கார வைத்துப் பேசினார்.

"கல்லீரலைக் கெடுக்கிற மஞ்சள்காமாலைக் கிருமி ஒண்ணு இருக்கு. அது ரத்தத்து வழியாப் பரவும். யாருக்கு இருக்குன்னு பார்த்தாத் தெரியாது. நிறையப் பேருக்கு அவங்களுக்கே தெரியாது. கண்ணுக்குத் தெரியாத ஒரு துளி போதும். காய்ஞ்ச ரத்தத்துலயும் ஒரு வாரம் வரைக்கும் உயிரோட கிடக்கும். அதனால ரத்தம் படுற பொருள் எதுவா இருந்தாலும் ஒரு ஆளுக்கு ஒண்ணு. இன்னொருத்தர் தோல்ல அது படக் கூடாது."

"பிளேடு எப்பவுமே புதுசுதான் சிஸ்டர்" என்றார் மின்னல். "பழசைப் போட்டா என் மாமனாரே என்னை இறக்கி விட்டுருவாரு, டிக்கெட் இல்லாத ஆளு மாதிரி."

கூடம் சிரித்தது. நர்ஸும் சிரித்தார். அதே பதிலைச் சொல்ல நிதானம் வாயைத் திறந்து வைத்திருந்தார், மூடிக்கொண்டார்.

"உங்களுக்கும்தான் ஆபத்து. கையில ஒரு கீறல் இருந்தாப் போதும். தடுப்பூசி இருக்கு, மூணு தவணை. எல்லாரும் போட்டுக்கங்க. இந்த வாரமோ அடுத்த வாரமோ நான் சொல்லாம கொள்ளாம கடைக்கு வருவேன். பார்த்துட்டு யாருன்னு சொல்றேன்."

மறுநாள் ஊசி போட்டுக்கொள்ள நிதானம் விடிந்ததும் சுகாதார நிலையத்துக்குப் போனார். மின்னல் அவருக்கு முன்பே போய், சட்டைக் கையை மடித்துவிட்டு, ஊசி போடும் பெண்ணிடம் பிள்ளைகளைப் பற்றி விசாரித்துக்கொண்டிருந்தார்.

"வாங்கண்ணே, வலிக்கவே இல்ல."

ஊசியிலும் முந்திக்கொண்டான் என்று நினைத்தார் நிதானம். அவருக்கு வலித்தது.

அதற்குப் பிறகு கண்ணாடியைப் பார்ப்பது ஒரு வேலையாகிவிட்டது. எதிர்க்கடையில் ஏதாவது ஒரு தப்பு நடக்க வேண்டும், அதைத் தன் கண் பார்க்க வேண்டும். அவ்வளவுதான் ஆசை. ஆனால் மின்னல் எல்லோருக்கும் தெரியும்படி பிளேடை உடைத்தார். பழைய பாதியை மூடி போட்ட டப்பாவில் தள்ளினார். ஒவ்வொருவருக்கும் துவைத்த துண்டு. வேலைக்கு முன்னும் பின்னும் சோப்பு போட்டுக் கை கழுவினார். கழுவும்போதுகூடப் பேசிக்கொண்டே இருந்தார். நிதானத்துக்கு வயிறு எரிந்தது.

ஒரு நாள் காலையில் லாரி டிரைவரின் தாடைக்குக் கீழே ஒரு பரு கத்தியில் பட்டுச் சிவந்தது. நிதானம் வழக்கம்போல மேடையிலிருந்த படிகாரக் கல்லை எடுத்துத் தண்ணீரில் நனைத்து அங்கே தேய்த்தார். தேய்த்துக்கொண்டே கண்ணாடியைப் பார்த்தார். எதிர்க்கடையில் மின்னலும் அதே நேரத்தில் ஒருவர் கன்னத்தில் கல்லைத் தேய்த்துக்கொண்டிருந்தார். தேய்த்த கல்லைக் குழாயில் ஒரு கழுவு கழுவி மேடையில் வைத்தார். அடுத்தவர் வந்து உட்கார்ந்தார். அவருக்கும் முடிவில் அதே கல்.

பிடிபட்டான் என்று உள்ளே ஒரு குரல் குதித்தது. உடனே நிதானத்தின் பார்வை தன் கைக்கு வந்தது. அந்தக் கையிலும் அதே மாதிரி ஒரு கல். வழவழப்பாகத் தேய்ந்து, நடுவில் குழி விழுந்து, எத்தனையோ முகங்களைப் பார்த்த கல்.

இந்தத் தொழிலில் படிகாரத்தை யாரும் அழுக்கோடு சேர்த்து நினைப்பதில்லை. ரத்தத்தை நிறுத்துவது அது. எரிச்சல் வந்தால் மருந்து வேலை செய்கிறது என்பார்கள். கடையிலேயே சுத்தமான பொருள் எது என்று கேட்டால் எந்தச் சலூன்காரரும் அதைத்தான் காட்டுவார். பிளேடைப் பற்றி அவ்வளவு பேசிய கூடத்தில் ஒருவருக்கும் கல் ஞாபகத்துக்கு வரவில்லை. ரத்தம் வந்த இடத்தில் மட்டுமே படுகிற பொருள் அது ஒன்றுதான்.

நிதானம் தன் கல்லைக் குப்பையில் போட்டார். மாலையில் புதுப் படிகாரம் வாங்கி வந்து, இடித்து, மெல்லிய துணியில் சலித்து, மூடியில் துளை உள்ள பவுடர் டப்பாவில் நிரப்பினார். இனி ஒவ்வொருவருக்கும் புதுப் பஞ்சில் கொஞ்சம் தூவி ஒற்றிவிட்டுப் பஞ்சை எறிந்துவிடலாம்.

வேலையெல்லாம் முடிந்த பிறகு மனைவி கேட்டாள்.

"தங்கச்சி வீட்டுக்காரருக்குச் சொல்லிட்டீங்களா?"

"கூட்டத்துல அவனும்தான் உக்காந்திருந்தான். காது இருக்குல்ல."

"உங்களுக்கும் காது இருந்துச்சு. உங்களுக்கு இன்னைக்குத்தானே ஏறுச்சு."

"நர்ஸம்மா வந்து பார்த்துச் சொல்லட்டும்."

"ஓ" என்றாள் அவள். "அப்படியா கணக்கு." பாத்திரங்களை அடுக்கும் சத்தம் மட்டும் வழக்கத்தைவிடக் கொஞ்சம் பெரிதாகக் கேட்டது.

கணக்கு அதுதான். நர்ஸ் வருவார். இந்தக் கடையில் பொடியும் பஞ்சும், அந்தக் கடையில் குழி விழுந்த கல். ஒரு வார்த்தை பேச வேண்டியதில்லை. தினமும் கண்ணாடியில் அந்தக் கல் முகம் முகமாகப் போவதை அவர் பார்த்தார். ஒவ்வொரு முறையும் ஒரு சந்தோஷம் வந்தது. பின்னாலேயே தன் பொடி டப்பாவைக் காரணமில்லாமல் நகர்த்தி வைத்தார். நர்ஸ் மட்டும் வரவில்லை. அப்படியே ஒரு வாரம் போனது.

அன்றைக்கு எதிர்க்கடை நாற்காலியில் மீன் வண்டிக்காரர். முகம் முழுக்கப் பரு. மின்னல் வேகமாக வேலையை முடித்து, ரத்தம் துளிர்த்த இடத்திலெல்லாம் கல்லைத் தேய்த்தார். அவர் எழுந்ததும் பெஞ்சிலிருந்து மாமனார் எழுந்தார். நாற்காலியில் சாய்ந்தார். மாமனாருக்குச் சர்க்கரை வியாதி. தோல் பழைய காகிதம் மாதிரி. எவ்வளவு மெதுவாகப் போனாலும் எங்காவது கீறும். நிதானத்துக்கு அது விரல்வழி தெரியும். கண்ணாடியில் மின்னலின் கத்தி சரசரவென்று இறங்கியது. கை மேடையை நோக்கி நீண்டது.

நிதானம் பாதி நுரையோடு இருந்த வாடிக்கையாளரை அப்படியே விட்டுவிட்டுத் தெருவில் இறங்கினார். கத்தியை மடக்கிச் சட்டைப்பையில் போட்டதுகூட நடந்துகொண்டேதான். அவர் வேகமாக நடந்து அந்தத் தெரு பார்த்ததில்லை.

"மாமா, எழுந்திரிங்க."

மாமனார் கண்ணைத் திறந்தார். "என்ன மாப்பிள்ளை, கடையில ஆள் இல்லன்னு பிடிச்சு இழுத்துட்டுப் போக வந்துட்டீங்களா?"

பெஞ்சு சிரித்தது. "செக்கரய்யா இந்த பஸ்ஸுக்குத்தான் டிக்கெட் எடுத்திருக்காரு. நடுவழியில இறக்க முடியாது நிதானம்" என்றார் ஒருவர்.

நிதானம் நாற்காலிக்கு இன்னும் நெருங்கினார். மாமனாரின் தாடையில் ஒரு சிவப்புக் கோடு இருந்தது. அதை நோக்கி வந்துகொண்டிருந்த மின்னலின் மணிக்கட்டைப் பிடித்துவிட்டார்.

"அண்ணே, கையை விடுங்க. என்ன இது, எல்லாரும் பார்க்கிறாங்க."

"கல்லு" என்றார் நிதானம். மூச்சு வாங்கியது. "இப்பதான் மீன் வண்டிக்காரர் மூஞ்சியில தேய்ச்ச. அதே ரத்தம். பிளேடு மட்டும் புதுசா இருந்து என்ன பிரயோஜனம், தம்பி?"

மின்னல் கையிலிருந்த கல்லைப் பார்த்தார். திருப்பிப் பார்த்தார். குழியின் ஓரத்தில் மங்கலாக ஒரு இளஞ்சிவப்பு இருந்தது.

"கழுவிட்டுத்தானே..." என்றார். பிறகு அவரே தலையை ஆட்டிக்கொண்டார். கல்லைக் குப்பைத்தொட்டியில் போட்டார். பெஞ்சில் ஒருவர் தன் கன்னத்தைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

"உங்களுக்கு இது எப்பத் தெரியும் அண்ணே?"

நிதானம் எதிர்பார்க்காத கேள்வி அது. இப்போதுதான் என்று சொல்லியிருக்கலாம்.

"ஒரு வாரமாச்சு."

யாரும் சிரிக்கவில்லை. மாமனார் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, பேருந்துக்குள் ஏறியதும் பயணிகளைப் பார்ப்பாரே, அப்படிப் பார்த்தார். "ஒரு வாரத்துல நான் ஒரு தடவை வந்துட்டேனே மாப்பிள்ளை" என்றார். குரலில் கோபம் இல்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது.

நிதானம் தன் கடைக்குப் போய்ப் பொடி டப்பாவையும் பஞ்சையும் எடுத்துவந்து மாமனாரின் கீறலில் ஒற்றினார். டப்பாவை மின்னலின் மேடையிலேயே விட்டுவிட்டுத் திரும்பினார். பாதி நுரை வாடிக்கையாளர் இன்னும் அப்படியே காய்ந்துகொண்டிருந்தார்.

மாமனாரைப் பெரிய மகள் ரத்தப் பரிசோதனைக்கு அழைத்துப்போனாள். முதல் பரிசோதனையில் எதுவும் இல்லை. சில மாதம் கழித்து இன்னொரு முறை பார்க்க வேண்டும் என்றார்கள், தடுப்பூசியும் தொடங்கினார்கள். மின்னல் தன் பெஞ்சில் இருந்தவர்களிடமெல்லாம் நடந்ததைச் சொல்லி, அவர்களையும் பரிசோதனைக்குப் போகச் சொன்னார். அதில் நாலு வாடிக்கையாளரை இழந்தாலும் பரவாயில்லை என்று சொன்னாராம். ஒருவரும் அந்தக் கடையை விட்டுப் போகவில்லை. சொன்னதற்காகவே இன்னும் இரண்டு பேர் வந்தார்கள். இதுவும் கண்ணாடியில் தெரிந்தது.

நர்ஸ் வந்தார். இரண்டு கடையிலும் பொடி, இரண்டு கடையிலும் பஞ்சு. மின்னல், "இது என் யோசனை இல்ல சிஸ்டர், எங்க அண்ணன் சொல்லித்தான்" என்று எதிர்ப்பக்கம் கைகாட்டினார். உண்மையைச் சொன்னதிலும் அவனுக்குத்தான் நல்ல பெயர் என்று நினைத்தார் நிதானம்.

நர்ஸ் அவர் கடையில் நின்று ஒரு முழுச் சவரத்தையும் பார்த்தார். "அண்ணா, உங்க வேலைக்கு நான் ஒரு குறையும் சொல்ல முடியாது. ஆனா எங்க ஆளுங்க பாதிப்பேரால ரொம்ப நேரம் உக்கார முடியாது, முதுகு விட்டுப்போகும். அதனால அவரைக் கூப்பிடறேன்."

நியாயமான காரணம். அதனால் திட்டக்கூட வழியில்லை.

மின்னல் இல்லத்துக்குப் போன முதல் நாள் எதிர்க்கடை ஷட்டர் இறங்கியிருந்தது. மாமனார் தெருவில் வந்து அந்த ஷட்டரைப் பார்த்தார். பிறகு இந்தப் பக்கம் திரும்பி, படியேறி, நாற்காலியில் உட்கார்ந்தார்.

"அவர் இல்ல. அதான்" என்றார்.

"தெரியுது மாமா."

"அங்க ஒரே சிரிப்பாம். வாசல் வரைக்கும் கேக்குதுன்னு காவலாளி சொன்னாரு."

"ம்."

நிதானம் சோப்பு போட்டுக் கை கழுவினார். புதுப் பிளேடை உடைத்துச் செருகினார். நுரையை ஊற விட்டார். நிமிர்ந்தபோது கண்ணாடியில் பார்க்க ஒன்றும் இல்லை. மூடிய ஷட்டரும் மாமனாரின் முகமும்தான். ஷட்டரைப் பார்த்தாலும் கொஞ்சம் எரியத்தான் செய்தது. குனிந்து, காகிதம் போன்ற அந்தத் தோலை இரண்டு விரலால் விரித்துப் பிடித்து, கத்தியை இழுக்காமல் வழுக்க விட்டார். தாடை எலும்பின் வளைவில் நின்றார். மூச்சை விட்டார். மறுபடி தொடங்கினார். மாமனார் பாதியில் தூங்கிப்போனார்.

விழித்தபோது துண்டு ஒற்றிக்கொண்டிருந்தது. துண்டு வெள்ளையாகவே இருந்தது. படிகார டப்பா திறக்கப்படவில்லை.

"முடிஞ்சுதா?"

"பார்த்துக்கங்க" என்று சொல்லி, கைக்கண்ணாடியைத் துடைத்து மாமனாரின் கையில் கொடுத்தார் நிதானம்.