வெள்ளைப் பூனையைத் துடைக்கவில்லை

அம்மா போன பிறகு அப்பா வாயைத் திறப்பதே சாப்பிடத்தான் என்றாகிவிட்டது. காசிமேட்டில் முப்பது வருஷம் படகு ஏறியவர், எண்ணூர்ப் பக்கம் என் வீட்டில் வந்து சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். பேச்சுத்துணைக்கு ஆகட்டும் என்று ராயபுரத்தில் ஒருவரிடமிருந்து பாரசீகப் பூனை ஒன்றை வாங்கி வந்தேன். பால் வெள்ளை.

விற்றவர் பெண் கொடுப்பவர் போலக் குலம் கோத்திரம் எல்லாம் சொன்னார். ஈரான் பக்கத்துக் குளிர் மலையிலிருந்து வியாபாரிகளோடு கிளம்பிய ஜாதியாம். ஐரோப்பாக்காரர்கள் ஆசைப்பட்டு, தலைமுறை தலைமுறையாகப் பொறுக்கி இணைசேர்த்து, மூக்கை உள்ளே தள்ளி முடியை நீட்டிவிட்டார்களாம். குட்டைக் கால், உருண்டைத் தலை, செப்புக்காசுக் கண். "ரொம்ப சாது. கத்தாது, பிராண்டாது. தினமும் சீவித் துடைச்சு வுடணும், அத்த மட்டும் மறந்துடாத" என்றார்.

அப்பா அதைத் தூக்கிப் பார்த்தார். "இன்னாம்மா இது, செவுத்துல மோதிக்கினு வந்த மாரி கீது மூஞ்சி?" என்று சிரித்தார். எட்டு மாதம் கழித்துக் கேட்ட சிரிப்பு. எனக்கு அழுகை வந்துவிட்டது. அன்றிலிருந்து மடியில் பூனை, வாயில் அம்மா கதை, படகுக் கதை.

எங்கள் தெருவில் எழுந்ததும் முதல் வேலை துடைப்பதுதான். ராத்திரியெல்லாம் அனல்மின் நிலையப் புகைபோக்கிச் சாம்பல் இறங்கியிருக்கும். குடம், டிவி, நாற்காலி, சாமி படம் எல்லாவற்றையும் துடைத்தோம். பூனையைத் துடைக்கவில்லை. நான் சீப்பை எடுத்தாலே அப்பா தடுப்பார். "காசிமேட்டுல எத்தினி பூனை கீது, எவன் சோப்பு போட்டான்? அதுவே நக்கிக்கும், வுடு." ஒரு வேலை மிச்சம் என்று நானும் விட்டேன். சோம்பேறித்தனம், வேறென்ன?

அது நாளெல்லாம் நக்கியது. மேலே விழுந்ததையெல்லாம் வாயாலும் மூக்காலும் உள்ளே அனுப்பியது. தெருப்பூனையாக இருந்தால் கத்தி ஊரைக் கூட்டியிருக்கும். இது வாயே திறக்கவில்லை. சாப்பாடு குறைந்தது, வெயில் என்றோம். மூச்சு இழுத்தது; சப்பை மூக்கு அப்படித்தான் என்றோம்.

மாதவரத்து மாட்டு டாக்டர் ஈரப்பஞ்சால் அதன் முதுகை ஒருமுறை தேய்த்துக் காட்டினார். பஞ்சு கறுத்திருந்தது. "வெள்ளைப் பூனையா இது?" என்று கேட்டார். எங்களுக்கே மறந்துபோயிருந்தது. நுரையீரல் கெட்டுவிட்டதாம். "இந்த ஜாதி வலிச்சாலும் காட்டிக்காதும்மா. கூட இருக்கறவங்கதான் பாத்துக்கணும்" என்றார்.

மூன்றாம் நாள் அது அப்பாவின் மடியிலேயே போய்விட்டது. வீட்டுக்குப் பின்னால் புதைத்தோம்.

அப்பா மறுபடி சுவரைப் பார்த்து உட்கார்ந்தார். இருமினார். துண்டால் வாயைத் துடைத்து, அதை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டார். அந்த இருமல் எப்போது ஆரம்பித்தது என்று யோசித்தேன். சத்தியமாகத் தெரியவில்லை.

"எத்தனை நாளாப்பா இருமுறே?"

"அதெல்லாம் ஒண்ணும் இல்லம்மா."

துண்டைப் பிடுங்கி விரித்தேன். மடிப்புக்கு மடிப்பு கறுப்பாக இருந்தது.