சல்லடை அக்காவின் தொண்டை வலி

அச்சகத்தில் அவளுக்குச் சல்லடை என்று பெயர். கண் தெரியாதவர்களுக்கான புத்தகங்கள் அச்சாகிற இடம் அது. மைக்குப் பதிலாகக் காகிதத்தில் புள்ளிகள் மேடாக எழும்பி வரும். அதை விரலால் தடவிப் படிக்க வேண்டும். அச்சுக்குப் போவதற்கு முன் முதல் பிரதியில் பிழை பார்ப்பது அவள் வேலை. பத்தொன்பது வருடமாக அதே மேசை, அதே நாற்காலி. ஒரு புள்ளி கூடினாலும் குறைந்தாலும் அவளுடைய வலது கை ஆள்காட்டி விரல் அந்த இடத்தில் டக்கென்று நின்றுவிடும். தட்டச்சு செய்கிற பெண்கள் பக்கங்களைக் கொடுத்துவிட்டு வாசலிலேயே நிற்பார்கள். திட்டை வாங்கிக்கொண்டே போய்விடலாம், எதற்கு இரண்டு நடை?

"ஏம்மா, இதைக் கையால அடிச்சியா, காலால அடிச்சியா?" என்பாள் அவள்.

அவளுக்கு எதிரே கண்ணாடிக்காரர். மூக்கை அமுக்கும் தடித்த கண்ணாடி, அதைவிடத் தடித்த குரல். இந்த வேலை இரண்டு பேர் சேர்ந்து செய்வது. அவள் புள்ளிகளைத் தடவிச் சத்தமாகப் படிப்பாள். அவர் மூலப் புத்தகத்தைக் கண்ணால் ஓட்டிக்கொண்டே வருவார். இரண்டும் ஒத்துப்போகாத இடத்தில் "நில்லுங்கக்கா" என்று ஒரு குரல், சிவப்பில் ஒரு சுழி. பதினாலு வருடமாக இப்படியே. புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் 'பிழை பார்த்தவர்கள்' என்று இரண்டு பேர் பெயரும் வரும். அவளைவிட எட்டு வயது மூத்தவர், இருந்தும் அவளை அக்கா என்றுதான் கூப்பிடுவார். "வயசுக்கு இல்லக்கா, பயத்துக்கு" என்பார்.

அந்த விரலுக்குத்தான் கேடு வந்தது.

ஒருநாள் விடிகிற நேரத்தில் கை மரத்துப்போய் விழிப்பு வந்தது. கட்டை விரல், ஆள்காட்டி, நடு விரல் மூன்றிலும் எறும்பு ஊர்கிற மாதிரி ஒரே குறுகுறுப்பு. கையை உதறினாள், போய்விட்டது. ஏதோ கோணலாகப் படுத்திருப்போம் என்று அவளும் விட்டுவிட்டாள். பிறகு அது தினம் வந்தது. பிறகு பகலிலும் வந்தது. தேநீர் டம்ளர் இரண்டு தரம் கை நழுவி விழுந்தது. கணவனிடம் சொன்னாள். மின்தூக்கி பழுதுபார்க்கிற ஆள் அவன், எதற்கும் எண்ணெய் விட்டால் சரியாகும் என்று நம்புகிறவன். எண்ணெயைச் சூடுபண்ணித் தேய்த்துவிட்டான். பக்கத்து வீட்டுக்காரி வெந்நீரில் உப்புப் போட்டு முக்கச் சொன்னாள். அலுவலகத்தில் ஒருத்தி கையைத் தலைக்கு மேல் தூக்கி நூறு வரை எண்ணச் சொன்னாள். உடம்பில் ஒரு கோளாறு என்றால் ஊரில் எத்தனை வைத்தியர்கள்! எல்லாவற்றையும் செய்தாள். டாக்டரிடம் மட்டும் போகவில்லை.

ஏன் போகவில்லை என்றால், பயம். அதைச் சுற்றி வளைத்துச் சொல்ல ஒன்றுமில்லை. கண் போனபோது அவளுக்கு மூன்று வயது. என்ன போனது என்றே தெரியாமல் போனது, அதனால் அழவும் இல்லை. இப்போது போவது என்ன என்று நன்றாகத் தெரியும். விரல் போனால் எழுத்து போகும். எழுத்து போனால் அவள் வெறுமனே கண் தெரியாத ஒரு பொம்பளை. டாக்டர் வாயால் அதைக் கேட்க அவளுக்குத் தெம்பில்லை.

மூன்றாவது மாதத்தில் புள்ளிகள் மங்கின. இருப்பது தெரியும், எத்தனை என்று தெரியாது. போர்வைக்கு மேலாகத் தடவுகிற மாதிரி இருந்தது. இடது கை விரலால் படித்தால் என்ன என்று கேட்பீர்கள். அவளும் அதைத்தான் செய்து பார்த்தாள். நாற்பது வருடமாக அடுத்த வரி எங்கே தொடங்குகிறது என்று பிடித்துக்கொண்டிருந்த விரல் அது, படித்துப் பழகியதே இல்லை. முதல் வகுப்புப் பிள்ளை மாதிரி ஒவ்வொரு எழுத்தாகத் திக்கியது. ஒரு பக்கத்துக்கு அரை மணி நேரம். அந்த வேகத்தில் சத்தமாகப் படித்தால் கண்ணாடிக்காரர் மறு நிமிடமே சந்தேகப்பட்டு நிமிர்ந்து உட்கார்ந்துவிடுவார்.

அப்போதுதான் அந்தப் பொய் வாயில் வந்தது.

"சார், எனக்குத் தொண்டை கட்டிக்கிச்சு. இன்னிக்கு நீங்க சத்தமா படிங்க. நான் தடவிப் பாத்துட்டு ம் சொல்றேன்."

"அதுக்கென்னக்கா, தாராளமா" என்றார் அவர். அவருக்குத் தன் குரல் மேல் கொஞ்சம் மயக்கம் உண்டு. கேட்க ஆள் கிடைத்தால் விடுவாரா? அறிவியல் பாடத்தையே மேடைப் பேச்சு மாதிரி முழங்கினார்.

முதல் சில நாள் அது ஒன்றும் பெரிய மோசடியாகப் படவில்லை. என்ன வரப்போகிறது என்று காது முன்கூட்டியே சொல்லிவிடும். விரல் அதைத் தேடினால் போதும், ஓரளவு தட்டுப்பட்டது. பிறகு விரல் தேடுவதை நிறுத்திவிட்டது. காது சொன்னதற்கெல்லாம் தலையாட்ட ஆரம்பித்துவிட்டது. அவர் 'மரம்' என்று படித்தால் அங்கே மரம்தான் இருந்தது. 'மலை' என்று படித்திருந்தால் மலை இருந்திருக்கும். ம், ம், ம் என்று சொல்லிக்கொண்டே பக்கம் பக்கமாகத் தள்ளினாள். தொண்டை சரியானதா என்று அவர் ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது, "இப்படியே போகட்டும் சார், வேகமா முடியுது" என்று பூசி மெழுகினாள்.

வேகமாகத்தான் முடிந்தது. "ஒரு மாசமா தப்பே கெடைக்கலக்கா! பொண்ணுங்க திருந்திட்டாங்க" என்று அவர் மேலாளர் அம்மாவிடமே போய்ப் பெருமையடித்துவிட்டு வந்தார். மேலாளர் அம்மா தட்டச்சுப் பெண்களைக் கூப்பிட்டுப் பாராட்டினார். அந்தப் பெண்களில் ஒருத்தி வந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "எல்லாம் நீங்க திட்டினதாலதான்க்கா" என்றாள். கையை மெல்ல உருவிக்கொண்டு அடுத்த பக்கத்தை இழுத்தாள் அவள்.

அவர் தேநீர் குடிக்கப் போகிற நேரத்தில் குனிந்து, பக்கத்தைக் கீழுதட்டால் தடவிப் பார்ப்பாள். உதட்டுக்குப் புள்ளி நன்றாகத் தெரிந்தது. ஆனால் உதட்டுக்கு எழுத்து தெரியாதே! மூக்கு வேறு காகிதத்தில் இடித்தது. ஒருநாள் அவர் சீக்கிரம் திரும்பிவிட்டார்.

"என்னக்கா, புத்தகத்துக்கு முத்தமா? வீட்டுக்காரர்கிட்ட சொல்லிருவேன்!"

அவளும் சிரித்தாள். உதட்டில் ஒட்டிய காகிதத் தூசியைத் துடைத்துக்கொண்டே சிரித்தாள். அப்போது சொல்லியிருக்கலாம். வாய் வரை வந்ததை மென்று விழுங்கிவிட்டாள்.

ஏழாவது மாதம் தொலைபேசி வந்தது. கூப்பிட்டவள் பள்ளிக்கூடத் தோழி. விடுதியில் அடுத்தடுத்த கட்டிலில் படுத்தவர்கள். அந்தக் காலத்தில் தோழியைக் கணக்குப்புலி என்பார்கள், இப்போது கண் தெரியாத பிள்ளைகளுக்கே கணக்கு டீச்சர்.

"ஏன்டீ, எட்டாம் வகுப்புக் கணக்குப் புத்தகம் புதுசா வந்திருக்கே, கடைசிப் பக்கத்துல உன் பேரு இருக்கு. அது நீ பாத்ததா?"

"ஏன், என்ன?"

"முதல்ல நீ பாத்தியான்னு சொல்லு."

பதிலுக்குக் காத்திருக்காமல் தோழி படபடவென்று கொட்டினாள். "அஞ்சு வர வேண்டிய இடத்துல ஒன்பது நிக்குதுடீ. ரெண்டுக்கும் ரெண்டே புள்ளி, சாய்வுதான் வேறன்னு சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். ஒரு இடமா ரெண்டு இடமா? பதினேழு இடம் எண்ணிட்டேன். என் வகுப்புல ஒரு பொண்ணு ஒரே கணக்கை ரெண்டு நாளா போட்டுட்டிருந்தா. விடை வரல. உனக்கு மண்டையில களிமண்ணான்னு நான்தான் திட்டினேன். அவ கணக்கே வேணாம்னு புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்துட்டா. அப்புறம்தான் நான் தடவிப் பாத்தேன்."

"அந்தப் பொண்ணு..."

"கேளு முழுசா. பிள்ளைங்ககிட்ட நான் என்ன சொன்னேன் தெரியுமா? இது என் சிநேகிதி பாத்த புத்தகமா இருக்கவே முடியாது, யாரோ அவ பேரைத் திருடிப் போட்டிருக்காங்கன்னு சொன்னேன். உன் அச்சகத்துல யாருடீ அப்படிப் பண்ணது? நீ சும்மா விடாதே!"

"விசாரிக்கிறேன்" என்று சொல்லித் தொலைபேசியை வைத்தாள். முந்நூறு பிரதி. முந்நூறு பிள்ளைகள் விடை வராத கணக்கைப் போட்டுக்கொண்டிருப்பார்கள். அதில் எத்தனை பேர் திட்டு வாங்கினார்களோ, எத்தனை பேர் தங்களையே மக்கு என்று நினைத்துக்கொண்டார்களோ.

எதிரே கண்ணாடிக்காரர் அடுத்த புத்தகத்தைத் திறந்து ஆரம்பித்துவிட்டார். ஒரு பத்தி முடிந்தது. ம் வரவில்லை.

"அக்கா? தூங்கிட்டீங்களா?"

"சார், எனக்குத் தெரியலை."

"எந்த இடம்?"

"எல்லா இடமும்."

அவருக்குப் புரியச் சற்று நேரமானது. அவள் ஒவ்வொன்றாகச் சொன்னாள். விரல், தொண்டை, ம், கணக்குப் புத்தகம். அவர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைக்கிற சத்தம் கேட்டது. ஏதாவது கேலியாகச் சொல்வார் என்று ஒரு நப்பாசை இருந்தது அவளுக்கு.

"அதுல என் பேரும் இருக்குக்கா" என்றார். குரலே அவருடையது மாதிரி இல்லை. "பதினாலு வருஷம் எதிர்ல உக்காந்திருக்கேன். என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லத் தோணலையா?"

"சொன்னா வேற ஆளைப் போட்டுருவாங்க சார்."

"இப்ப மட்டும்?"

அவள் எழுந்து மேலாளர் அம்மாவின் அறைக்கு நடந்தாள்.

மேலாளர் அம்மா கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. ஏழு மாதத்தில் அவள் கையால் போன பதினோரு புத்தகங்களையும் திரும்பப் பார்க்க ஆள் போட்டுவிட்டு, "முதல்ல உடம்பைப் பாருங்க" என்று மெதுவாகச் சொல்லி விடுப்புக்கு எழுதித் தந்தார். தட்டச்சுப் பெண்கள் வாசலில்தான் நின்றார்கள். அவள் வந்ததும் ஒதுங்கி வழி விட்டார்கள்.

மறுநாளே கணவன் அவளை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போனான். கையில் மின்சாரம் வைத்து ஏதோ அளந்தார்கள். பிறகு டாக்டர் அம்மா அவள் கையைத் தன் மேசையில் வைத்துக்கொண்டார். கவை மாதிரி ஒரு சின்னக் கருவி. ஒரு முனையால் தொடலாம், இரண்டு முனையாலும் தொடலாம்.

"கண்ணை மூடிக்குங்கம்மா. ஒண்ணு வெக்கிறேனா, ரெண்டு வெக்கிறேனான்னு சொல்லணும்."

"அது நாற்பத்தி மூணு வருஷமா மூடித்தான் டாக்டர் இருக்கு" என்றாள் அவள். டாக்டர் சங்கடப்பட்டுச் சிரித்தார்.

"ரெண்டு" என்றாள். "ஒண்ணு. ஒண்ணு. ரெண்டு." அத்தனையும் சரி.

"பரவாயில்லையே! நல்லாவே தெரியுதே. ரிப்போர்ட் வேற மாதிரி இருக்கு..." டாக்டர் காகிதத்தைப் புரட்டினார். "சரி, அவசரம் வேணாம். மணிக்கட்டுக்கு ஒரு கட்டுப் போட்டுட்டு ரெண்டு மாசம் பாக்கலாம்."

கணவன் பெருமூச்சு விட்டான். "நான் சொல்லலை? உன் விரலுக்கு ஒண்ணும் ஆகாது" என்று அவள் தோளைத் தட்டினான். அவன் குரலில் அத்தனை சந்தோஷம். அவளும் எழுந்திருக்கப் போனாள். மறுபடி உட்கார்ந்துவிட்டாள்.

"டாக்டர்" என்றாள். "ஒரு முனைக்கு மாத்துறப்ப கருவி டிக்குன்னு சத்தம் போடுது. நான் அதைக் கேட்டுத்தான் சொன்னேன். விரல் ஒண்ணுமே சொல்லலை."

டாக்டர் கருவியைத் துணியால் சுற்றிப் பிடித்துக்கொண்டு மறுபடி ஆரம்பித்தார்.

"இப்ப?"

"ஒண்ணு... இல்ல, ரெண்டு."

"இப்ப?"

"ஒண்ணு."

"நான் இன்னும் வெக்கவே இல்லம்மா."

மணிக்கட்டில் நரம்பு போகிற பாதை குறுகி, நரம்பு நசுங்கிக் கிடக்கிறது என்று டாக்டர் விளக்கினார். மேலே இறுக்குகிற பட்டையை வெட்டி விட வேண்டும். வலி போகும், குறுகுறுப்பு போகும்.

"படிக்க முடியுமா டாக்டர்?" கணவன்தான் கேட்டான்.

"உணர்ச்சி வரலாம், வராமலும் போகலாம். ஆரம்பத்திலேயே வந்திருந்தா நான் தைரியமா சொல்லியிருப்பேன்." பிறகு அவளைப் பார்த்து, "ஏம்மா இவ்வளவு நாள் விட்டீங்க?" என்றார். நிஜமாகவே கேட்டார். கணவனின் நாற்காலி அவள் பக்கம் நகர்கிற சத்தம் கேட்டது.

நர்ஸ் ஒப்புதல் படிவத்தைக் கொண்டுவந்தாள். "கையெழுத்துப் போடுவீங்களா, கைநாட்டா?"

"போடுவேன்" என்றாள். பள்ளிக்கூடத்தில் அடிக்கோல் வைத்துப் பழகிய கையெழுத்து. பத்தொன்பது வருடம் சம்பளம் வாங்கிய கையெழுத்து. பேனாவைக் கையில் கொடுத்தார்கள். நழுவி விழுந்தது. கணவன் எடுத்துக் கொடுத்தான். மறுபடி விழுந்தது. மூன்றாவது தரம் அவன் குனிகிற சத்தம் கேட்டபோது, "விடுங்க" என்றாள்.

நர்ஸ் அவள் கட்டை விரலைப் பிடித்தாள். கையை யாரோ நகர்த்துவது முழங்கை வரை தெரிந்தது. மை ஈரமாக இருக்கும், காகிதம் வழவழப்பாக இருக்கும் என்று அவள் காத்துக்கொண்டிருந்தாள். ஒன்றும் வரவில்லை.

"எப்ப வெக்கணும்னு சொல்லும்மா" என்றாள்.

"வெச்சு எடுத்தாச்சும்மா" என்றாள் நர்ஸ், விரலைத் துடைத்துக்கொண்டே.