சுயுன் எந்தப் பக்கம்

“மண்ணுக்கு மேல தண்ணி நின்னா, கீழ படுத்திருக்கிற குழந்தைக்குக் குளிருமாடி?”

பெரியம்மா என்னிடம் இதைக் கேட்டபோது நாங்கள் வற்றிப்போன ஏரிப் படுகையில் நின்றிருந்தோம். பள்ளிக்கூடத்தில் எந்தக் கேள்வி வந்தாலும் எதையாவது எழுதிவைத்துத் தப்பித்துவிடுகிறவள் நான். அன்று குனிந்து காலடி மண்ணைப் பார்த்தேன்.

பெரியம்மாவின் பெயர் சைரகன். என் அப்பாவுடைய மூத்த அண்ணனின் மனைவி. கல்யாணமாகி கோக்-தாலா கிராமத்துக்கு வந்தபோது அவருக்கு என் வயதுதான். முதல் பிள்ளை சுயுன் பல் முளைக்கும் முன்பே ஒரு பனிக்காலத்தில் காய்ச்சலில் போய்விட்டான். அதே பனிக்காலத்தில் என் அப்பாவைப் பெற்ற பாட்டியும் இறந்தார். சுயுனுக்குச் சுரந்த பாலைக் குடித்து வளர்ந்தவர் என் அப்பா. அதனால் அப்பா அவரை ‘அண்ணி’ என்று கூப்பிட்டாலும், குரலில் அது ‘அம்மா’ என்றுதான் கேட்கும்.

கொஞ்ச காலத்தில் அணை வந்தது. கோக்-தாலா தொக்தொகுல் ஏரிக்கு அடியில் போனது. ஊர்க்காரர்கள் மேட்டுக்குப் போனார்கள், மயானத்து எலும்புகளையும் தோண்டி எடுத்து மேட்டுக்குக் கொண்டுபோய்ப் புதைத்தார்கள். பெரியம்மா பிழைப்புக்காகத் தலைநகர் பிஷ்கெக்குக்கு வந்து, பள்ளிக்கூட உணவகம் ஒன்றில் தட்டுக் கழுவியே வயதானார். அவர் கணவர், மூத்த பெரியப்பா, இறந்துவிட்டார். இரண்டு பெண்களும் ரஷ்யாவில் வேலை செய்கிறார்கள். வருடத்துக்கு ஒருமுறை மேட்டு மயானத்துக்குப் போய் சுயுனின் சின்ன மண்மேட்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டு வருவார். அவர் தனக்கென்று செய்துகொண்ட பயணம் அது ஒன்றுதான்.

இந்த வருடம் எனக்குப் பள்ளி முடிந்திருந்தது. பரீட்சை முடிவு வரவில்லை. வீட்டில் உட்கார முடியாமல் நானும் கிளம்பினேன். மலை, குதிரை, மேகம் என்று எழுத நிறைய இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். அப்பா வண்டி ஓட்டினார். கணவாயில் பனி இன்னும் உருகவில்லை. ஏரிக்கரைச் சாலையில் மீன் பொரிக்கும் கடையைப் பார்த்ததும் பெரியம்மா வண்டியை நிறுத்தச் சொன்னார்.

“வருஷத்துல ஒரு தடவைதானே இங்க வர்றேன். எலும்புகூட விடமாட்டேன், பார்த்துக்கோ” என்று சொல்லி, விரல் எண்ணெயைத் துப்பட்டாவில் துடைத்துக்கொண்டு சாப்பிட்டார்.

எசென்குல் பெரியப்பா வாசலில் காத்திருந்தார். அப்பாவுக்கு நேர் மூத்தவர். ஊரை விட்டுப் போகாமல் கரையிலேயே வீடு கட்டிக்கொண்டவர். புகுந்த வீட்டுக் கொழுந்தன்களைப் பெயர் சொல்லக் கூடாதென்று பெரியம்மா அந்தக் காலத்தில் அவருக்கு ‘சுருட்டை’ என்று பெயர் வைத்திருந்தார்.

“என்ன சுருட்டை, தலையில ஒரு முடியும் காணோம்? ஆட்டுக்குப் போட்டுட்டியா?”

“உங்க பல்லு போன இடத்துக்குத்தான் அண்ணி அதுவும் போச்சு. ரெண்டும் சேர்ந்து ஓடிப்போச்சுன்னு ஊர்ல பேச்சு.”

சிரித்துக்கொண்டே உள்ளே போனோம். ரொட்டி, வெண்ணெய், தேநீர். ஜன்னல் வழியே ஏரி தெரிந்தது. தண்ணீர் இவ்வளவு இறங்கி நான் பார்த்ததில்லை. பழைய ஊரின் சுவர்க் கால்கள் சேற்றுக்கு மேல் வரிசையாக நின்றன.

“பாவம், செத்தவங்களைக் கீழயே விட்டுட்டு வந்த வீட்டுக்காரங்க” என்றார் பெரியம்மா. பிறகு கிண்ணத்தைக் கீழே வைத்தார். “சுருட்டை, நான் வந்த காரியத்தைச் சொல்லிடறேன். எனக்கு உடம்பு முன்ன மாதிரி இல்ல. மேட்டுல சுயுன் பக்கத்துல எனக்கு ஒரு இடம் பிடிச்சு வை. வேற யாரையும் அங்க படுக்க விட்டுடாதே.”

எசென்குல் பெரியப்பா ரொட்டியைப் பிய்த்துப் பிய்த்துத் தட்டிலேயே போட்டார்.

“என்ன, இடத்தை வித்துட்டியா?”

“அங்க படுக்க வேண்டாம் அண்ணி.”

“ஏன்?”

“அங்க அவன் இல்ல.”

அப்பா தலையைத் தூக்கினார். எசென்குல் பெரியப்பா தரையைப் பார்த்தபடி சொன்னார். “பெரியவங்க எலும்பை எடுக்கவே ஆள் போதல. தண்ணி ஏறிட்டே வந்துச்சு. குழந்தைங்க குழியெல்லாம் சின்னது, பனியில அமுங்கிக் கிடந்துச்சு, எது யாரோடதுன்னு தெரியல. பொம்பளைங்க அழுது சாவாங்க, மேல மண்ணைக் குவிச்சுக் காட்டிடுங்கடான்னு அப்பாதான் சொன்னார். நானும் நின்னு குவிச்சேன்.”

“எல்லா வீட்டுக் குழந்தைக்குமா?”

“எல்லா வீட்டுக்கும்.”

அப்பா எழுந்துவிட்டார். “வருஷா வருஷம் அண்ணி அங்க உட்கார்ந்து அழுதாங்களே! பக்கத்துல நின்னு நீ கையேந்தி ஓதுனியே அண்ணே!”

“அழுதுட்டு நிம்மதியாப் போறாங்களேன்னுதான் இருந்தேன். இப்ப சும்மா மண்ணுக்குப் பக்கத்துல படுக்கறேங்கறாங்க. அதுக்கும் சரின்னு எப்படிடா சொல்றது?”

பெரியம்மா அழவில்லை. வெளியே போய் குழாயடியில் குனிந்து வாயைக் கழுவினார். திரும்பத் திரும்பக் கழுவினார். விரலை உள்ளே விட்டுத் தேய்த்தார். அவர் எதைக் கழுவுகிறார் என்பது எனக்குக் கொஞ்சம் பொறுத்துத்தான் புரிந்தது. இத்தனை வருடமும் அந்தத் தண்ணீரின் மீனைத் தின்றிருக்கிறார்.

மறுநாள் காலை நால்வரும் படுகையில் இறங்கினோம். வெடித்த சேறு, செத்த சிப்பிகள், ஒரு வண்டிச் சக்கரம். பழைய மயானம் இருந்த இடத்தில் ஒரு கல்கூட நிமிர்ந்து நிற்கவில்லை. பெரியம்மா முதன்முறையாக அங்கே கால் வைக்கிறார். எங்களில் பெண்கள் அடக்கத்துக்குப் போவதில்லை. ஆண்கள் சுயுனைத் துணியில் சுற்றித் தூக்கிப்போனபோது அவர் வீட்டுக்குள் சுவரைப் பார்த்து உட்கார்ந்து ஒப்பாரி வைத்துக்கொண்டிருந்தார்.

“சொல்லு, எந்த இடம்?”

“எனக்குத் தெரியாது அண்ணி. நான் பொடிப்பய. குதிரையைப் பிடிச்சிட்டு வெளியவே நின்னேன். உள்ள போனவங்க யாரும் இப்ப இல்ல.” அவர் கையை நீட்டிக் காட்டினார். “குழந்தைங்களை ரெண்டு இடத்துல வைப்பாங்க. அந்த மலை ஓரம், இல்லேன்னா இந்த ஆத்து ஓரம். ஆத்து ஓரம் மட்டும்…”

“ஆத்து ஓரத்துக்கு என்ன?”

“முதல் வருஷமே கரை இடிஞ்சு போச்சு. அந்தப் பக்கம் இருந்ததெல்லாம் தண்ணியோட போயிடுச்சு.”

அப்போதுதான் பெரியம்மா என் பக்கம் திரும்பி அந்தக் கேள்வியைக் கேட்டார்.

பிறகு நடந்தார். மலை ஓரம் போய்க் குனிந்து சேற்றைத் தொட்டுப் பார்ப்பார். ஆற்று ஓரம் வருவார், கரை விளிம்பில் நிற்பார், மறுபடி மலை ஓரம். அப்பா பின்னாலேயே நடந்தார். மதியம் ஆனதும் பெரியம்மா என்னை வீட்டுக்கு அனுப்பி மாவும் எண்ணெயும் சட்டியும் எடுத்துவரச் சொன்னார். செத்தவர்களுக்கு எண்ணெய் மணம் போய்ச் சேரும் என்பதால் வெள்ளிக்கிழமைதோறும் நாங்கள் வீட்டில் ரொட்டி பொரிப்போம். அன்று வெள்ளிக்கிழமை இல்லை. இரண்டு ஓரத்துக்கும் நடுவில் கல் கூட்டித் தீ மூட்டினார். காற்று மணத்தை எந்தப் பக்கம் கொண்டுபோகிறது என்று அடிக்கடி திரும்பிப் பார்த்தார். எசென்குல் பெரியப்பா ஓதத் தொடங்கினார். பாதியில் நிறுத்திவிட்டார். மீதியை அப்பா ஓதி முடித்தார்.

திரும்பும்போது எசென்குல் பெரியப்பாவுக்கு ஒன்று நினைவு வந்தது. “மண்ணு கல்லா உறைஞ்சிருந்துச்சு அண்ணி. கடப்பாறை போட்டுக் குழி வெட்டினது நம்ம ஊர் ஆளில்ல. அணை ரோட்டுல டிராக்டர் ஓட்டிட்டிருந்த, மலைக்கு அந்தப் பக்கத்துத் தலாஸ்காரப் பையன் ஒருத்தன். இடது கையில கட்டை விரல் கிடையாது. பேர் தெரியாது.”

“உயிரோட இருக்கானா?”

“இருந்தா என்னைவிடக் கொஞ்சம் பெரியவனா இருப்பான்.”

நாங்கள் பெரியம்மாவை எசென்குல் பெரியப்பா வீட்டிலேயே விட்டுவிட்டு வர வேண்டியதாயிற்று. வர மறுத்துவிட்டார். மலைப்பனி உருகி ஏரிக்குத் தண்ணீர் வரத் தொடங்கியது. தினமும் காலையில் இறங்கி, தண்ணீர் நிற்கும் இடம்வரை நடந்துவிட்டு வருகிறார் என்று எசென்குல் பெரியப்பா போனில் சொன்னார். ஒருநாள், இறங்குவதற்கு இனி இடமில்லை என்றார். அப்பா போய் அழைத்துவந்தார். இப்போது எங்கள் வீட்டில்தான் இருக்கிறார். மீன் வாசனை வந்தால் எழுந்து போய்விடுகிறார். தன்னை எங்கே வைக்க வேண்டும் என்பதை மட்டும் சொல்ல மறுக்கிறார்.

“மலை ஓரம்னா, மேட்டுல அவனைப் பார்த்த மாதிரி என்னை வைங்க. ஆத்து ஓரம்னா எங்க வேணா போடுங்க, எனக்கு ஒண்ணுதான். முதல்ல எந்தப் பக்கம்னு கேட்டுச் சொல்லுங்க.”

இதை எழுத வேண்டாம் என்றார் எசென்குல் பெரியப்பா. கோக்-தாலாவில் இன்னும் எத்தனையோ அம்மாக்கள் உயிரோடிருக்கிறார்கள், வீட்டுக்கு வீடு அழுகை எழும் என்றார். பெரியம்மாதான் “எழட்டும்” என்று சொல்லி என்னை எழுத வைத்தார். அவருக்கு மூச்சு வாங்குகிறது. மருத்துவர் அப்பாவைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசினார்.

இதைப் படிக்கிறவர்கள் தலாஸ் பக்கம் யாரையாவது தெரிந்திருந்தால் அவர்களிடம் சொல்லுங்கள். படிக்கத் தெரியாத பெரியவர்கள் இருந்தால் வாசித்துக் காட்டுங்கள். இடது கையில் கட்டை விரல் இல்லாத, இளம் வயதில் அணை ரோட்டில் டிராக்டர் ஓட்டிய ஒருவர் எங்கேயாவது இருப்பார். அவர் காதில் விழும்வரை இந்தக் கதையைக் கை மாற்றிக் கொடுங்கள். அவர் ஒரு வார்த்தை சொன்னால் போதும்.